பேரம் பேசாத கை

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
6 ஜூலை 2025, ஞாயிறு

மருமகள் மெர்லினுக்கு மாமியார் சிலுவையம்மாள் எழுதுவது.

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான். நீ. உன் புருஷனும் என் மகனுமான ஃப்ரெடி. உங்கள் மகள் சாண்ட்ரா. ஐஸ் கம்பெனி முதலாளி கிருஷ்ணப்பன். அவருடைய மிஷினை ஓட்டுகிற சௌக்கத் அலி. அறையை மந்திரித்துவிட்டுப் போன சர்ச் சாமியாரைச் சேர்க்கவில்லை. அவர் ரோஸ்மில்க் குடித்துவிட்டு இதற்கு முன்பே ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த அந்தோணியாரையும் சேர்க்கவில்லை. அவர் சாட்சிக்கு வரமாட்டார். மற்றவர்கள் வரலாம்.

உன் போனை எடுக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான். கடிதம் எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் உன் அம்மா வீடு வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு ஸ்டாம்பு ஒட்டுகிறேன். போஸ்ட் ஆபீஸ் பெண் வெளியூரா பாட்டி என்று கேட்டாள். ஆமாம், ரொம்ப தூரம் என்றேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒன்று தப்பென்றாலும் சொல்.

அன்று அந்தோணியார் திருநாள். மீன்பிடித் தடை மறுநாளோடு முடிகிறது. கட்டிக்கிடந்த போட்டெல்லாம் கிளம்பும், அத்தனைக்கும் ஐஸ் வேண்டும். காசிமேட்டில் ஐஸ் கம்பெனிக்காரர்கள் பைத்தியம் பிடித்து அலைகிற நேரம். அன்றைக்குத்தான் நீ கடை திறந்தாய். கடை என்றால் உனக்குக் கோபம் வரும். பலகையில் எழுதியிருந்ததையே எழுதுகிறேன்: ‘மெர்லின் தொழில் பாதுகாப்பு ஆலோசனை, சிறு நிறுவனங்களுக்கு.’ முதலாளியும் நீ, கணக்குப்பிள்ளையும் நீ, பெருக்குகிறவளும் நீ. அதற்கு என் மீன்பலகை சாய்த்து வைத்திருந்த முன்னறையை எடுத்துக்கொண்டாய். பலகையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு, மீன் நாற்றம் போக டப்பாவிலிருந்து ஏதோ பூ வாசனையை அடித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிருஷ்ணப்பன் ஆப்பிள் தட்டோடு வந்தார். சௌக்கத் அலி ரோஸ்மில்க் கேனைத் தூக்கி வந்தான். சாமியார் கிளம்பியதும் கிருஷ்ணப்பன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அமோனியா போகிற குழாய். செதில் எடுக்காத கொடுவா மீன் மாதிரி துரு. “ஸீஸன் கூட்டம் கொஞ்சம் அடங்கட்டும், அப்பால மாத்திக்கறேன். அதுவரிக்கும் ஓட்டலாமா, வேணாமா? ஒரே வார்த்த சொல்லும்மா” என்றார்.

பின்னால் நின்றிருந்த சௌக்கத் அலி, “ராவுல பாம்பாட்டம் சீறுதுக்கா அது” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

உன் உதடு ‘இ’ சொல்வதற்குப் பின்னால் இழுத்தது. ‘இல்லை’யில் வருகிற ‘இ’. அப்போது நான் வாயைத் திறந்தேன். “மொத போணிமே. இல்லன்ற வார்த்த வாயில வரக் கூடாது.”

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் கிருஷ்ணப்பனைப் பார்த்தாய். “பாத்துக்கலாம்ண்ணே” என்றாய். அவர் மடித்த நோட்டை என் கையில் வைத்தார், பெரியவள் கை ராசி என்று. நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரமே அந்தக் குழாய் வெடித்தது. உள்ளே வேலை பார்த்தவர்களை வெளியே துரத்திவிட்டு, வால்வை மூட சௌக்கத் அலி திரும்பவும் உள்ளே போனான். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம்.

இதுவரை உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். விபத்தை விசாரிக்கிற ஆபீஸரிடம் கிருஷ்ணப்பன் எழுதிக்கொடுத்திருக்கிறார். சௌக்கத் அலி தூக்கக் கலக்கத்தில் தப்பான வால்வைத் திறந்தானாம். குழாயில் கோளாறு என்று யாருமே தன்னிடம் சொன்னதில்லையாம். அப்படியே முடிந்தால் அவனுக்கு வர வேண்டிய நஷ்டஈடும் போகும், கெட்ட பெயரும் நிற்கும். தன் கண்ணைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்று ஆகிவிடும். விசாரணை ஆகஸ்டில். ஃப்ரெடி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

நீ வந்து, அன்றைக்கு அந்த அறையில் பேசினதைச் சொல். வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

சிலுவையம்மாள்

*

எண்ணூர்
13 ஜூலை 2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். அம்மா வீட்டில் மேஜை இல்லை. தையல் மிஷின்மேல் வைத்து எழுதுகிறேன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நான் ‘ஓட்டுங்க’ என்று சொல்லவில்லை அத்தை. ‘பாத்துக்கலாம்’ என்றுதான் சொன்னேன். நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? கடன் கேட்டு வருகிறவனிடம் பாத்துக்கலாம் என்கிறோம். பெண் கேட்டு வந்தவர்களைப் பிடிக்கவில்லை என்றால் பாத்துக்கலாம் என்கிறோம். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லாமல் இல்லை என்று சொல்கிற வார்த்தைதானே அது? நான் அப்படித்தான் சொன்னேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

மணலிக் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? விபத்து நடந்த பிறகு அறிக்கை எழுதினேன். எந்த விரல், எந்தக் கை, எந்த மிஷின். எழுதி எழுதி மனசு மரத்துப்போயிற்று. பெரிய கம்பெனிக்காவது அதைப் பார்க்க ஒரு அதிகாரி இருக்கிறார். லேத் பட்டறைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் வெல்டிங் ஷெட்டுக்கும் யார் இருக்கிறார்கள்? ஒருத்தியாகவே ஒவ்வொரு நாளும் ஒரு கம்பெனிக்குப் போய், நடப்பதற்கு முன்னால் சொல்லலாம் என்றுதான் வேலையை விட்டேன். முதல் ஆளிடமே சொல்லாமல் விட்டுவிட்டேன். இதை நினைக்காமல் எனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை.

ஆனால் நான் போய்ச் சொன்னால் கிருஷ்ணப்பன் அதை அப்படியே என் பக்கம் திருப்பிவிடுவார். இந்தம்மா சரின்னாங்க, ஓட்டினேன் என்பார். எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாய் வார்த்தை. அதற்கப்புறம் எந்தச் சின்னக் கம்பெனி என்னை உள்ளே விடும்? என்னிடம் சரக்கு இல்லை, மிஷின் இல்லை, ஆள் இல்லை. என் பேச்சை நம்பலாம் என்கிற பெயர் ஒன்றுதான் முதல்.

அதனால் கேட்கிறேன். ஆபீஸிலிருந்து யாராவது வந்து கேட்டால், வயதாகிவிட்டது, ஞாபகமில்லை என்று சொல்லிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில், ‘உங்க போணிதான் அந்த ஆள் கண்ண எடுத்துச்சு’ என்று நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனாலும் நீங்கள் அன்றைக்குப் பேசாமல் இருந்திருந்தால்… இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன்.

மெர்லின்

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
17 ஜூலை 2025

மெர்லினுக்கு,

ஞாபகமில்லை என்று சொல்ல வேண்டுமா நான்?

உன் கல்யாணத்தில் உன் அண்ணன் பிரியாணித் தட்டைக் கிளறி, கறியைத் தேடப் பூதக்கண்ணாடி கொண்டு வரட்டுமா என்று கேட்டான். எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாண்ட்ரா ஞானஸ்நானத்தன்று உன் அம்மா எனக்கென்று பார்த்து ஒரு கால் ஆடுகிற நாற்காலியைப் போட்டாள். அது நீல நாற்காலி. சுனாமி வந்த காலையில் என் பலகையில் என்ன மீன் இருந்தது, அதில் எது மிதந்து போனது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நிறுத்திவிட்டார்கள். எதையும் எழுதிவைத்துப் பழகாதவளுக்கு மண்டைதான் பெட்டி. அதைப் பூட்டிச் சாவியைக் கடலில் போடச் சொல்கிறாய்.

பாத்துக்கலாம் என்பதற்கு எனக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்கிறாயா? ஃப்ரெடிக்கு உன்னைக் கேட்டு வந்தபோது உன் அப்பாவும் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னார். நாங்கள் வீட்டுக்கு வந்து பாயசம் வைத்துக் குடித்துவிட்டோம். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பது உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிகிறது. கேட்கிறவன் ஆசைப்பட்ட பக்கம் வளைகிற வார்த்தை அது. தடை முடிகிற நேரத்தில் ஐஸ் கம்பெனிக்காரன் எந்தப் பக்கம் ஆசைப்படுவான் என்று உனக்குத் தெரியாதா?

சௌக்கத் அலி எனக்கு யார் என்று உனக்குத் தெரியாது. காலையில் நான் பலகை போடும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய். ராத்திரி ஷிப்ட் முடித்து, சந்து முனைக்கு முதலில் வருகிறவன் அவன்தான். வருஷக்கணக்காக என் போணி அவன். பேரம் பேசமாட்டான். கையை நீட்டுவான், கொடுத்ததை வாங்குவான், கொடுக்க வேண்டியதைக் கொடுப்பான். அவன் வாங்கிய நாளில் மீன் தங்காது.

பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசல் வரை போனேன். கண்ணில் கட்டோடு கிடந்தான். அவன் மனைவி ஷாஸியா அவன் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். பன்னை நாய்க்குப் போட்டேன்.

பலகை இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்காதே.

சிலுவையம்மாள்

*

எண்ணூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

போன வாரம் சடையங்குப்பத்திலிருந்து தௌசீஃப் என்பவர் கூப்பிட்டார். தகடு வெட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்கு நம் வாசலில் பலகையைப் பார்த்து நம்பரைக் குறித்துவைத்திருந்தாராம். போனேன். பட்டறைக்குள் மழைத் தண்ணீர் நின்ற கறை இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. நடுவில் ஒரு அழுத்து மிஷின். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி வலையைக் கழற்றி மூலையில் வைத்திருக்கிறார்கள், வேலை மெதுவாக நடக்கிறது என்று. இதை எப்படிச் செய்யலாம் அக்கா என்று கேட்டார். வேலையில் இருந்தபோது ஒன்று எழுதினால் எனக்கு மேலே கையெழுத்துப் போட எத்தனையோ பேர் இருந்தார்கள். இங்கே மேலேயும் நான், கீழேயும் நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, “யோசன சொல்ல வந்துட்டு நீயே யோசிச்சிகினு நிக்கிறியேக்கா” என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கிருஷ்ணப்பனும் போன் செய்தார். அவருக்குத் தெரிந்த மற்ற ஐஸ் கம்பெனிகளுக்கு எல்லாம் என்னையே ஏற்பாடு செய்கிறாராம். “நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா. சும்மா இரு, அது போதும்” என்றார். யோசனை சொல்கிறவளுக்கு, சொல்லாமல் இருப்பதற்கு வேலை கொடுக்கிறார். முடியாது என்று நான் சொன்னேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. என் வாயில் என்ன வந்தது என்று உங்களுக்கே தெரியும். பாத்துக்கலாம் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்ததும் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இனி எழுதப்போவதை ஃப்ரெடியிடம்கூடச் சொல்லவில்லை.

திறப்புக்கு முதல் நாள் அழைப்பு வைக்க ஐஸ் கம்பெனிக்குப் போனேன். கிருஷ்ணப்பன் இல்லை. சௌக்கத் அலிதான் உள்ளே கூட்டிப்போய் அந்தக் குழாயைக் காட்டினார். “நீயாவது சொல்லுக்கா. நான் சொன்னா, வேல செய்ய ஒடம்பு வளையலன்றாரு” என்றார். நாளைக்கு அவர் வரும்போது சொல்கிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். போனில் இருந்த படத்தை எடுத்ததும் அவர்தான். முதலாளியை என்னிடம் கேட்க வைத்ததும் அவர்தான். ரோஸ்மில்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவர் வந்தது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரும் என்றுதான்.

எனக்கு முன்னாலேயே எல்லாம் தெரியும் அத்தை. உங்கள் போணி என் வாயை அடைக்கவில்லை. முதலில் வந்த ஆள் போய்விடக் கூடாது என்று எனக்கே ஆசை இருந்தது. நீங்கள் குறுக்கே பேசியது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. பழியைப் போட ஒரு இடம் கிடைத்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதை உங்கள் தலையில் கொட்டிவிட்டு எண்ணூருக்கு வந்துவிட்டேன்.

இதற்கு நீங்கள் பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

மெர்லின்

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
10 ஆகஸ்ட் 2025

மெர்லினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். நாம் கேஸ் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பவும் படித்தேன்.

வாக்குக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். அது பெரிய தப்பு. சின்னது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் நீயே எடுத்துக்கொண்டு போகப் பார்க்காதே. அதில் என் பங்கு இருக்கிறது. என் பங்கை யாரும் தொட நான் விட்டதில்லை.

அன்றைக்கு நீ பூ வாசனை அடித்தாய் அல்லவா? அந்த அறையில் நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் உன்னை ஆலோசகர் மேடம் என்கிறார். கிருஷ்ணப்பன் அம்மா அம்மா என்கிறார். என் மகனும் பேத்தியும் புதுத்துணியில் நிற்கிறார்கள். என் சேலையில் மட்டும் எனக்கு மீன் வாசனை வந்தது. அந்த அறையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், வியாபாரம். நானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வாய் அரித்தது. நல்லதுக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாள் அந்தோணியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நம்பினாரோ என்னவோ, நான் நம்பவில்லை.

சொன்னதையும் பாதிதான் சொன்னேன். போணிக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சரி. ஆனால் கெட்ட மீனை அவன் கையில் வைக்கவும் கூடாது. என் ஆத்தா எனக்குச் சொன்னபோது இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னாள். மீன் சரியில்லாத நாளில் சௌக்கத் அலி வந்தால், ஒரு கொத்து கறிவேப்பிலையைக் கையில் கொடுத்து, இன்றைக்கு வேண்டாம் நைனா, நாளைக்கு வா என்பேன். போணியும் கெடாது, வயிறும் கெடாது. எனக்குக் கைவந்த வித்தை அது. உன்னிடம் அந்தப் பாதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ கிருஷ்ணப்பனிடம் ஒரு டம்ளர் ரோஸ்மில்க்கைக் கொடுத்து, குழாயை மாற்றிவிட்டு வாருங்கள் அண்ணே என்றிருப்பாய். இதை இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

விசாரணை இருபத்தொன்றாம் தேதி. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் போகிறேன். சாண்ட்ரா கூட்டிப்போகிறாள். அவர்கள் மேஜைக்கு முன்னால் நின்று அன்றைக்கு இருந்த ஆறு பேரையும் சொல்வேன். நான் சொன்ன வார்த்தையை முதலில் சொல்வேன், மற்றவர்கள் சொன்னதை அப்புறம். கிருஷ்ணப்பன் பெரிய ஆள்தான். ஆனால் அன்றைக்குப் போணி நோட்டை அவர் என் கையில்தான் வைத்தார். இன்னும் அந்தோணியார் காலடியில் மடித்தபடியே இருக்கிறது.

உன் பெயரை நான் சொல்வதா, நீயே வந்து சொல்வதா என்பது உன் இஷ்டம். பாத்துக்கலாம் என்று மட்டும் பதில் எழுதாதே.

சிலுவையம்மாள்

*

எண்ணூர்
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தைக்கு,

விசாரணை அறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது நீங்கள் திரும்பவே இல்லை. ஆனால் அந்த நாற்காலியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். நான் வருவதற்கு முன்பே அங்கே யாரையும் உட்கார விடவில்லை என்று சாண்ட்ரா அப்புறம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்ததற்கு உடனே வெட்கமாகவும் இருக்கிறது. அந்த ஆபீஸர், பாட்டிக்கு ஞாபகம் சரியாக இருக்குமா என்று கிருஷ்ணப்பனைப் பார்த்துக் கேட்டார். நீங்கள், “உன் சட்டையில மூணாவது பொத்தான் மட்டும் வேற கலரு. அடுத்த வருசம் வந்து கேளு நைனா, அப்பவும் சொல்றேன்” என்றீர்கள். அவர் குனிந்து பார்த்துக்கொண்டார்.

நீங்கள் உங்கள் வார்த்தையை முதலில் சொன்ன பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. எழுந்தேன். குழாய் கெட்டிருந்தது எனக்கு முதல் நாளே தெரியும், காட்டியது சௌக்கத் அலி, ஓட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை என்றேன். கிருஷ்ணப்பன், இந்தம்மா சரின்னுதானே ஓட்டினேன் என்று கத்தினார். அப்படியானால் குழாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்று ஆபீஸர் எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கத்தவில்லை. இதெல்லாம் உண்மையா என்று, பின்னால் வந்து நின்றிருந்த ஃப்ரெடியைக் கேட்டபோது அவர் “ஆமா” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு சத்தமாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சௌக்கத் அலிமேல் தப்பில்லை என்று எழுதிவிட்டார்கள். நஷ்டஈடு வரும் என்கிறார்கள். என்மேலும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். ஐஸ் கம்பெனிகள் பக்கம் இனி நான் போக முடியாது.

நேற்று தௌசீஃப் போன் செய்தார். செய்தி சடையங்குப்பம் வரை போய்விட்டது. “ஐஸ்காரனுக்குச் சொல்ல வேண்டியத ஆபீஸர்கிட்ட சொன்னியாமே. எனக்கு எப்பக்கா சொல்லுவ, கை போன பிறகா?” என்றார். அது கிண்டலா கோபமா என்று தெரியவில்லை. போனேன். வணக்கம் சொல்வதற்கு முன்னால், இல்லை, வலையை மாட்டாமல் இந்த மிஷின் ஓடக் கூடாது என்றேன். முறைத்தார். வேலை கெடுகிறது என்று திட்டினார். திட்டிக்கொண்டே சுவிட்சை அணைத்தார். நான் கறிவேப்பிலை கொண்டுபோகவில்லை அத்தை. டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

சௌக்கத் அலி வீட்டுக்கு இன்னும் போகவில்லை. அவர் தெரு முனை வரை போய்த் திரும்பிவிட்டேன். உங்கள் பன் கதைதான் என் கதையும். தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போகலாமா? என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கூடவே சொல்கிறேன்.

மெர்லின்

*

சேசு மரி சூசை துணை

இராயபுரம்
31 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

மெர்லினுக்கு,

போக வேண்டாம். அவன் வந்துவிட்டான்.

உன் கடிதம் வந்த அன்றே, என்ன சொல்வது என்று வார்த்தை சேர்க்க ஆரம்பித்தேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழகினவள் இல்லை. மற்றவர்கள் என்னிடம் கேட்டுத்தான் பழக்கம். அதனால் நாள் பிடித்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லச் சேர்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மூலையில் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும், பாதியைச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும், வார்டு வாசலிலிருந்து திரும்பினதைச் சொல்ல வேண்டும். அவன் திட்டினால் தலை குனிந்து நிற்க வேண்டும். அவன் எழுந்து போ என்றால் போய்விட்டு மறுநாள் திரும்பப் போக வேண்டும். எல்லாம் முடிவு செய்துவிட்டேன்.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று, வியாழக்கிழமை பலகையை எடுத்துக் கழுவினேன். காசிமேட்டிலிருந்து சங்கரா கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் காலையில் சந்து முனையில் போட்டுவிட்டு, நல்லதாக நாலு மீனை எடுத்துவைத்துக்கொண்டு, சாயங்காலம் உன்னையும் வரச் சொல்லி இரண்டு பேருமாகப் போகலாம் என்று இருந்தேன்.

மீனை அடுக்கி முடிக்கவில்லை, எதிரே வருகிறான். கறுப்புக் கண்ணாடி. ஒரு கை ஷாஸியாவின் தோளில். பலகை போட்டிருக்கிறேன் என்று யார் போய்ச் சொன்னார்களோ.

“இன்னா ஆயா, கட போட்டுட்டியாமே. போணி ஆச்சா?”

இல்லை என்றேன்.

“அப்ப நான்தான்” என்று கையை நீட்டினான். கை பலகைக்குக் கொஞ்சம் பக்கத்தில், காற்றில் நின்றது. ஷாஸியா அதைப் பிடித்து நகர்த்தி வைத்தாள்.

எழுந்து நின்றேன். சேர்த்துவைத்ததில் முதல் வார்த்தையை எடுத்தேன். “சௌக்கத்து, அன்னிக்கு நான் வாயத் தொறந்தது…”

“அத வுடு ஆயா. நான் அப்பவே வுட்டுட்டேன். நீ இன்னா, வோணும்னா சொன்ன? மெர்லினக்காவும் வந்து நின்னு சொல்லிச்சே, அது போதாதா? மீனக் குடு, வெயில் ஏறுது.”

அவ்வளவுதான். என் மற்ற வார்த்தையெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. முன்பெல்லாம் கொடுத்ததை வாங்கும்போது செவுளையாவது ஒரு தரம் பார்ப்பான். இப்போது அதுவும் இல்லை. நான் வைத்ததை வைத்தபடி வாங்கிக்கொண்டான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தான். நான் வேண்டாம் என்றேன். “போணிக்கு வேணாம்னு சொல்லுவாங்களா ஆயா?” என்று கேட்டுச் சிரித்தான். போய்விட்டான். அன்றைக்கு மீன் தங்கவில்லை. நேற்றும் வந்தான். நாளைக்கும் வருவான்.

நீ வீட்டுக்கு வா. முன்னறையில் பாதி உனக்கு, பாதி என் பலகைக்கு. பூ வாசனை அடிக்கக் கூடாது. உன் பலகையை வாசலில் திரும்ப மாட்டச் சொல்லி ஃப்ரெடியிடம் சொன்னேன், மாட்டிவிட்டான், கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னதற்காக அவனை மன்னித்துவிட்டேன். வாக்குத் தவறினதற்கு உன்னையும். நீ கேட்டாய், நான் மன்னித்தேன், கணக்குச் சரி. உன் அண்ணன் பிரியாணிக்கும், உன் அம்மா நாற்காலிக்கும் இன்னும் கேட்கவில்லை. அவர்கள் கேட்கட்டும், பார்க்கலாம். கிருஷ்ணப்பன் என் பலகைக்கு முன்னால் வந்து நின்று கேட்டால், வெயிலில் நிற்கவைத்துவிட்டு, அவரையும் மன்னிப்பேன்.

ஒருவனை மட்டும் முடியாது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டுப் போனவன். கேட்பதற்கு எனக்கு இருந்த ஒரே இடத்தையும் எடுத்துக்கொண்டவன். இதற்குக்கூட அவன் பேரம் பேசவில்லை. இனி தினமும் விடிந்தால் அந்தக் கை என் பலகைக்குப் பக்கத்தில் காற்றில் வந்து நிற்கும். நான் மீனை எடுத்து அதில் வைக்க வேண்டும். சொல்ல வேண்டியது தொண்டையிலேயே இருக்கும். சாகிற வரைக்கும் அவனை நான் மன்னிக்கமாட்டேன். சௌக்கத் அலியை.

சிலுவையம்மாள்